கஜாவும் ஆனைமலையும்: வலுக்கும் புயலை எப்படிப் படிப்பது?

(எபிசோடில் பேசியது. வாசிக்க வசதியாக அங்கங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தாரு: "ப்ரோ, கோயம்புத்தூர்ல உக்காந்துட்டு எதுக்குப் புயல் பத்திப் பேசணும்? நமக்குக் கடலே இல்லையே." நியாயமான கேள்விதான். இன்னைக்கு முழுக்க அதுக்குத்தான் பதில்.

எங்க ஊர் ஆனைமலை. சுத்தியும் தென்னந்தோப்பு, பின்னாடி மலை. மேப்பைத் திறந்து ஆனைமலையில விரலை வெச்சு நேரா கிழக்கே இழுத்தீங்கன்னா, சுமார் 300 கிலோமீட்டர் தாண்டி விரல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல போய் நிக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை ஒரு புயல் கரை ஏறினது கிட்டத்தட்ட அதே இடத்துலதான். அதுக்குப் பேரு கஜா. இலங்கை கொடுத்த பேரு. கஜான்னா யானை. யானை பேரு வெச்ச புயல், யானை பேரு வெச்ச எங்க மலையைப் பாத்து வந்துச்சு. அப்ப எனக்கு இது ஒரு ஜோக்காத்தான் தெரிஞ்சுது.

அந்த ஜோக்கை நான் யார்கிட்ட சொன்னேன்ங்கிறதுதான் பிரச்சனை. அதுக்கு அப்புறமா வரேன். முதல்ல புயல் எப்படி வலுக்குதுன்னு பாத்துருவோம்.

கடல்தான் எரிபொருள்

புயல்னா பெரிய காத்துன்னு நினைக்கிறோம். காத்து அதோட விளைவு. புயல் அடிப்படையில ஒரு வெப்ப இயந்திரம். கடலோட மேல்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல இருக்கணும். மேல்தோல் மட்டும் சூடா இருந்தா பத்தாது, ஐம்பது மீட்டர் ஆழம் வரைக்கும் அந்த வெதுவெதுப்பு இருக்கணும். ஏன்னா, காத்து அடிக்க அடிக்கக் கடல் கலங்கி, கீழ இருக்கிற குளிர்ந்த தண்ணி மேல வரும். அப்படி வந்தா புயலுக்குச் சோறு கிடைக்காது. அக்டோபர், நவம்பர்ல வங்கக் கடல் பெரும்பாலும் இந்த அளவுக்குச் சூடாத்தான் இருக்கும்.

சூடான கடல்ல இருந்து தண்ணி ஆவியாகுது. ஆவியாகிறப்ப வெப்பத்தை எடுத்துக்கிட்டு மேல போகுது. மேல குளிர்ந்து திரும்பத் துளியா மாறும்போது, எடுத்துட்டுப் போன வெப்பத்தை அப்படியே அங்க விட்டுருது. ஒரு லிட்டர் தண்ணிக்குக் கணக்குப் போட்டா, அது கிட்டத்தட்ட முக்கால் யூனிட் கரண்ட். சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா ஒரு சதுர கிலோமீட்டர்ல ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சாலே அது ஒரு கோடி லிட்டர். புயல்ல மழை ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குப் பெய்யுது. எவ்வளவு சக்தி உள்ள போகுதுன்னு நீங்களே பெருக்கிப் பாத்துக்கோங்க.

மேல வெப்பம் விழுந்ததும் அங்க இருக்கிற காத்து லேசாகி இன்னும் மேல ஏறும். கீழ அழுத்தம் குறையும். அந்தக் குறையை நிரப்பச் சுத்தி இருக்கிற காத்து உள்ள ஓடி வரும். பூமி சுத்துறதால அது நேரா வராம வளைஞ்சு வரும். நம்ம பக்கம், அதாவது பூமத்திய ரேகைக்கு வடக்கே, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில சுத்தும். உள்ள வர்ற காத்து வேகமா அடிச்சா ஆவி அதிகமாகும். ஆவி அதிகமானா வெப்பம் அதிகமாகும். வெப்பம் அதிகமானா அழுத்தம் இன்னும் குறையும், காத்து இன்னும் வேகமா வரும். நம்ம கோடுல சில சமயம் ஒரு லூப் நிக்காம ஓடி சர்வரையே சாப்பிட்டுரும் பாருங்க, அந்த மாதிரி. இந்த லூப்பை நிறுத்த மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, கடல் குளிர்றது. ரெண்டு, மேல ஒரு திசையிலயும் கீழ ஒரு திசையிலயும் காத்து அடிச்சு புயலோட தூணைச் சாய்க்கிறது. மூணு, நிலம். கரை ஏறிட்டா ஆவி சப்ளை கட் ஆயிரும்.

எந்தப் பக்கம் போகும்ங்கிறதை இன்னைக்கு ஓரளவு நல்லாவே சொல்ல முடியுது. ஏன்னா, புயலைத் தள்ளிட்டுப் போறது சுத்தி இருக்கிற பெரிய காத்தோட்டம். அதை செயற்கைக்கோள்ல பாக்கலாம், மாடல்ல போடலாம். எவ்வளவு வலுக்கும்ங்கிறதைச் சொல்றதுதான் கஷ்டம். அது புயலோட வயித்துக்குள்ள நடக்குற விஷயம். சில பத்து கிலோமீட்டர் அகலத்துல, சில மணி நேரத்துல மாறிரும். 24 மணி நேரத்துல காத்து வேகம் 55 கிலோமீட்டர் அளவுக்கு ஏறினா அதை அதிவேக வலுப்பெறுதல்னு சொல்றாங்க. ராத்திரி படுக்கும்போது ஒரு புயல், காலையில எந்திரிக்கும்போது வேற புயல்.

பேருக்குப் பின்னாடி இருக்கிற நம்பர்

நியூஸ்ல வர்ற வார்த்தைகளுக்கு எல்லாம் நம்பர் இருக்கு. இந்திய வானிலை ஆய்வு மையத்தோட கணக்குப்படி, தொடர்ந்து அடிக்கிற காத்து மணிக்கு 31 முதல் 50 கிலோமீட்டர் இருந்தா காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 63 தொட்டா புயல், அப்பத்தான் பேரு வைப்பாங்க. 89-ல இருந்து தீவிரப் புயல். 118-ல இருந்து அதிதீவிரப் புயல். அதுக்கு மேல 167-ல ஒரு படி, 222-ல சூப்பர் புயல்.

இதுல ரெண்டு இடத்துல நாம ஏமாறுவோம்.

முதல் இடம்: வேகம் ரெண்டு மடங்கானா அடியும் ரெண்டு மடங்குன்னு நினைக்கிறது. காத்து ஒரு பொருள் மேல கொடுக்கிற அழுத்தம் வேகத்தோட வர்க்கம். 60 கிலோமீட்டர் காத்து 120 ஆனா அழுத்தம் நாலு மடங்கு. 100-க்கும் 130-க்கும் வித்தியாசம் வெறும் முப்பதுதானேன்னு தோணும். அழுத்தத்துல அது கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடுதல். ஒரு தென்னை மரம் தாங்குறதுக்கும் வேரோட வர்றதுக்கும் இடையில இருக்கிறது அந்த 70 சதவீதமா இருக்கலாம்.

ரெண்டாவது இடம்: இந்தப் பேரெல்லாம் காத்தை மட்டும்தான் அளக்குது. மழையை அளக்கலை. 2024 நவம்பர் 30 அன்னைக்குப் புதுச்சேரி பக்கத்துல கரை கடந்த ஃபெஞ்சல் வெறும் "புயல்"தான், தீவிரப் புயல்கூடக் கிடையாது. ஆனா அது மெதுவா நகர்ந்து ஒரே இடத்துல நின்னு கொட்டுச்சு. விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர். அடுத்த நாள் கடல் எங்கன்னே தெரியாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில 50 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில மலைச் சரிவுல மண் இறங்கி ஒரே வீட்டுக்குள்ள இருந்தவங்க உட்பட 7 பேர் செத்துப் போனாங்க. "சாதாரணப் புயல்தான்"னு சொல்றதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கூண்டு எண் 5 பெருசா, 7 பெருசா?

"துறைமுகத்தில் 5-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது"ன்னு சின்ன வயசுல இருந்து கேட்டிருப்போம். நம்பர் ஏற ஏற ஆபத்து ஏறுதுன்னு நானும் நெனச்சுட்டு இருந்தேன். பாதிதான் சரி.

மொத்தம் 11 எண். 1, 2 ரெண்டும் தூரத்து எச்சரிக்கை, கடல்ல எங்கயோ உருவாகி இருக்குன்னு அர்த்தம். 3, 4 ரெண்டும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம்ங்கிற எச்சரிக்கை. 5, 6, 7 மூணும் ஒரே அளவு ஆபத்து. வித்தியாசம் பக்கம் மட்டும்தான். துறைமுகம் தனக்கு இடப்பக்கம் இருக்க புயல் கரை கடந்தா 5, வலப்பக்கம் இருக்க கடந்தா 6, துறைமுகத்து மேலயே இல்ல ரொம்பப் பக்கத்துல கடந்தா 7. அதே மூணு கதைதான் 8, 9, 10-ல. ஆனா புயல் தீவிரமானது, அதனால பெரும் ஆபத்து. 11-க்கு அர்த்தம் வேற: வானிலை மையத்தோட தொடர்பே அறுந்து போச்சு.

பக்கத்துக்கு ஏன் தனி நம்பர்? கிழக்குக் கரையில புயல் மேற்கே பாத்து நகருது. எதிர்க் கடிகாரமா சுத்துது. அப்போ மையத்துக்கு வடக்கே இருக்கிற ஊருக்குக் காத்து கடல்ல இருந்து நிலத்தைப் பாத்து அடிக்கும், கடல் தண்ணியையும் சேத்துத் தள்ளிட்டு வரும். தெற்கே இருக்கிற ஊருக்கு நிலத்துல இருந்து கடலைப் பாத்து அடிக்கும். ஒரே புயல், ஒரே தூரம், ஆனா ரெண்டு ஊருக்கும் ரெண்டு அனுபவம். அதுலயும் கோடியக்கரையில நம்ம கரை சட்டுன்னு மேற்கே திரும்புது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் எல்லாம் தெற்கே பாத்த கரை. மையம் தாண்டிப் போனப்புறம் தெற்குக் காத்து அடிக்க ஆரம்பிச்சா, அப்பத்தான் கடல் அவங்க பக்கம் திரும்பும்.

இங்க ஒரு உயிர் காக்கிற தகவல். புயலோட மையம் உங்க ஊர் மேலயே போனா, நடுவுல காத்து திடீர்னு நின்னுரும். அது முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லை, பாதிதான் முடிஞ்சிருக்கு. கொஞ்ச நேரத்துல எதிர்த் திசையில இருந்து அடிக்கும். ஒரு பக்கமா வளைஞ்சு வேர் தளர்ந்து நிக்கிற மரத்தை மறுபக்கம் இழுக்கும். கதவைத் திறந்துட்டு மாட்டைப் பாக்கப் போறவங்க மாட்டிக்கிறது அந்த இடைவெளியிலதான்.

அந்த ராத்திரி

இப்ப என் கதை. 2018 நவம்பர்ல நான் கோயம்புத்தூர்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தேன். வெதர் மேப் பாக்குறது எனக்கு அப்பவே பைத்தியம். கலர் கலரா காத்து ஓடுற ஆப்பை வெச்சுட்டு ராத்திரி முழுக்க உக்காந்திருப்பேன். ஹாஸ்டல்ல என்னை "ரமணன் சார்"னுதான் கூப்பிடுவாங்க.

கஜா நவம்பர் 11-ல புயலாச்சு. முதல்ல வட தமிழ்நாட்டுப் பக்கம் வரும்னு பேசிட்டு இருந்தாங்க. அப்புறம் பாதை தெற்கே இறங்கி, கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவுலன்னு ஆச்சு. நாலு நாள் கடல்ல தடுமாறிட்டே வந்துச்சு. கரைக்கு வரும்போது கொஞ்சம் வலு குறையலாம்னும் ஒரு பேச்சு இருந்துச்சு.

என் ரூம்மேட்டுக்குப் பேராவூரணி பக்கம். அவங்க அப்பாவுக்கு மூணு ஏக்கர் தென்னை. புயல் வர்றதுக்கு முந்தின நாள் அவன் கேட்டான்: "டேய், நீதான் எல்லாம் பாக்குறியே. எங்க ஊருக்கு என்னடா ஆகும்? அப்பாவை ஸ்கூல் கேம்ப்புக்குப் போகச் சொல்லவா?"

நான் ஆப்பைத் திருப்பிக் காட்டி, "சப்பை புயல்டா. நாலு நாளா அங்கயே சுத்திட்டு இருக்கு. வரும்போது புஸ்ஸுன்னு போயிரும். யானை எங்க ஊருக்குத்தான் வருது, உங்க ஊருக்கு இல்ல"ன்னு சிரிச்சேன். அவன் அப்படியே போன்ல சொல்லிட்டான்: "ஒண்ணும் ஆகாதாம்ப்பா, படிச்சவன் ஒருத்தன் சொல்றான்."

15-ஆம் தேதி காலையில அது தீவிரப் புயல் ஆச்சு. அதே நாள் ராத்திரி அதிதீவிரப் புயல். கரைக்குப் பக்கத்துல வந்துதான் வலுத்துச்சு. நள்ளிரவு பன்னெண்டரைக்கு மேல, மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்துல நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை கடந்துச்சு. ரூம்மேட் ஒரு மணியில இருந்து போன் பண்ணிட்டே இருந்தான். ரிங் போகலை. அடுத்த நாள் முழுக்கப் போகலை. நான் அவன் முகத்தைப் பாக்காம லேப்டாப்பைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

ரெண்டாவது நாள் சாயங்காலம் யாரோ ஒருத்தர் போன்ல இருந்து அவங்க அப்பா கூப்பிட்டாரு. உயிரோட இருந்தாரு. கொட்டகை மேல மரம் விழுந்து ஒரு பசு செத்துப் போச்சு. மூணு ஏக்கர்ல நிக்கிற மரத்தை விரல் விட்டு எண்ணிரலாம்னாரு.

அவன் என்னைத் திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இன்னைக்கும் தோணுது.

அறுத்த மரமும் வண்டும்

நான் வீட்டுக்குப் போன் பண்ணி அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "எங்கயோ நாகப்பட்டினத்துலதானுங்கப்பா"ன்னு ஆரம்பிச்சேன். அவரு நிறுத்திட்டாரு.

"எங்கயோ என்ன கண்ணு எங்கயோ? அங்கயும் தென்னைதான இருக்குது. இப்ப அவங்களுக்கு அரிசி எல்லாரும் அனுப்புவாங்க. மரம் அறுக்கற மெசினு யாரு அனுப்புவா?"

எங்க ஊர்ல ஒவ்வொரு நாலு தோப்புக்கும் ஒரு மரம் அறுக்கிற மெஷினும் அதை ஓட்டுற ஆளும் உண்டு. அப்பாவும் பக்கத்துத் தோட்டத்துக்காரங்களும் சேந்து ஒரு மினி லாரியில ரெண்டு மெஷின், பெட்ரோல் கேன், கயிறு, தார்ப்பாய் ஏத்துனாங்க. நானும் ரூம்மேட்டும் ஏறிட்டோம். புதுக்கோட்டையில இருந்தே ரோட்டோரம் மரம் சாய்ஞ்சு கிடந்துச்சு. கடல்ல இருந்து அவ்வளவு தூரம் உள்ள வந்தும் அடி குறையலை. டெல்டா சமதளம், நடுவுல தடுக்க மலையும் இல்லை.

பேராவூரணியில நான் பாத்ததை மேப்ல பாக்க முடியாது. மரமெல்லாம் ஒரே பக்கமா படுத்திருந்துச்சு, சீவி விட்ட முடி மாதிரி. சிலது வேரோட. சிலது இடுப்புல முறிஞ்சு. அப்பா ஒரு மரத்துக் குருத்தைத் தொட்டுப் பாத்துட்டு, "இது நிக்குதுன்னு நினைக்காதீங்க, குருத்து திருகிப் போச்சு, ரெண்டு மாசத்துல காஞ்சுரும்"னாரு. தென்னைக்கு ஒரே ஒரு குருத்துதான். அது போனா பக்கத்துல கிளை விடாது. மாமரம் முறிஞ்சா துளிர்க்கும், தென்னை துளிர்க்காது.

ரூம்மேட்டோட அப்பா எங்களுக்குக் கருப்பட்டி காப்பி போட்டுக் கொடுத்தாரு. அப்பா அவர்கிட்ட, "அறுத்த மரத்தை மட்டும் தோப்புக்குள்ள அடுக்கி வெச்சராதீங்க. மக்க மக்க அதுல காண்டாமிருக வண்டு முட்டை வெக்குமுங்க. பொறவு நிக்கிற நாலு மரத்தையும் அதுதான் தின்னும்"னு சொன்னாரு. அவரு கேட்டாரு: "அப்ப எங்கங்க கொண்டுபோய்ப் போடுறது? ஊர் முழுக்க மரமா கிடக்குது." அதுக்கு எங்க யாருகிட்டயும் பதில் இல்லை.

கொஞ்சம் கணக்கு. தமிழக அரசு அப்ப விழுந்த தென்னைக்கு ஒரு மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500, மொத்தம் 1,100 ரூபாய் அறிவிச்சுது. தென்னை வளர்ச்சி வாரியத்தோட மரக் காப்பீட்டுத் திட்டத்துல 16 வயசுக்கு மேல இருக்கிற மரத்துக்குக் காப்பீட்டுத் தொகை 1,750 ரூபாய். வருஷத்துக்கு 14 ரூபாய் பிரீமியம், அதுல விவசாயி கட்ட வேண்டியது கால் பங்கு, மூணரை ரூபாய். அந்த மூணு ஏக்கருக்கு அது எடுக்கப்படலை. இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதுன்னாரு. திரும்பி வரும்போது அப்பா லாரியில ரொம்ப நேரம் பேசலை. உடுமலை தாண்டினப்புறம், "நம்ம மரத்துக்கும் எடுக்கலை கண்ணு"ன்னாரு.

நாட்டு ரகத் தென்னை நட்டுக் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதாவது 2019-ல நட்ட கன்னு இப்பத்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கும். காத்து அடிச்சது சில மணி நேரம். கஜாவால ஐம்பதுக்கும் மேல உயிர் போச்சு, ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாய்ஞ்சுது. இதெல்லாம் அந்த மாச நியூஸ். மரம் திரும்பி வர எடுத்துக்கிற ஆறு வருஷம் எந்த நியூஸ்லயும் வராது.

எச்சரிக்கை வந்தது, போய்ச் சேரலை

என் தப்பை நான் பல தடவை திரும்பிப் பாத்திருக்கேன். தகவல் இல்லாம தப்பு நடக்கலை. வானிலை மையம் எச்சரிச்சுது. புயலுக்கு முன்னாடியே 80,000 பேருக்கு மேல முகாமுக்குக் கொண்டு போனாங்க. அது நடக்கலைன்னா உயிரிழப்பு இன்னும் எங்கயோ போயிருக்கும். ஒடிசாவைப் பாருங்க. 1999 சூப்பர் புயல்ல சுமார் 10,000 பேர் செத்தாங்க. 2013-ல ஃபைலின் வந்தப்ப கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினாங்க, உயிரிழப்பு சில பத்துகள்ல நின்னுச்சு. கடலும் காத்தும் மாறலை. ஆளுங்க அங்க இல்லை, அவ்வளவுதான்.

நான் செஞ்ச தப்பு, அதிகாரப்பூர்வ எச்சரிக்கைக்கும் அவங்க அப்பாவுக்கும் நடுவுல ஒரு ஃபில்டரா நின்னது. மேப்ல மெலிசா ஒரு கோடு தெரிஞ்சா அதுதான் பாதைன்னு நெனச்சேன். அதைச் சுத்தி விரிஞ்சு போற கூம்பை ரெண்டாம்பட்சமாப் பாத்தேன். மையம் அந்தக் கூம்புக்குள்ள எங்க வேணா போகலாம், பாதிப்பு கூம்புக்கு வெளியவும் இருக்கும். "வலு குறையலாம்"ல இருக்கிற "லாம்"-ஐ விழுங்கிட்டு, "குறையும்"னு சொன்னேன்.

ஆன்-கால் பண்ற ஐடி மக்களுக்கு இது புரியும். ராத்திரி பத்து அலர்ட் சும்மா வந்தா, பதினொண்ணாவதை மியூட் பண்ணிட்டுத் திரும்பிப் படுப்போம். கடலோர மக்களுக்கும் அதே சோர்வு உண்டு. போன வருஷம் கேம்ப்புக்குப் போனோம், ஒண்ணும் நடக்கலை, மாடுதான் பட்டினி கிடந்துச்சு. அந்தச் சோர்வு நியாயமானது. அதுக்கு மேல என்னை மாதிரி ஒருத்தன் "சப்பை புயல்"னு சொன்னா அவங்களுக்கு வீட்டுலயே இருக்க ஒரு காரணம் கிடைச்சுருது.

எச்சரிக்கை போய்ச் சேரவே நேரம் இல்லாத கதையும் இருக்கு. 2017 நவம்பர் 29-ல இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவாச்சு. அடுத்த நாள் காலையிலயே அது ஒக்கி புயலா கன்னியாகுமரிக்குத் தெற்கே நின்னுச்சு. தூத்தூர் பக்கத்து மீனவர்கள் வாரக் கணக்குல ஆழ்கடல்ல தங்கி மீன் பிடிக்கிறவங்க. அவங்க கிளம்பினப்ப புயலே இல்லை. புயல் வந்தப்ப அவங்க செல்போன் சிக்னல் எட்டாத இடத்துல இருந்தாங்க. குமரியிலயும் கேரளத்துலயும் செத்தவங்க, காணாமப் போனவங்க எண்ணிக்கை முன்னூறைத் தாண்டுச்சு. டவர் இல்லாத கடல்லயும் செயற்கைக்கோள் வழியா எச்சரிக்கை வாங்குற ஜெமினி கருவியை 2019-ல அறிமுகப்படுத்தினாங்க. ஒக்கிக்கு அப்புறம்.

கடல் இல்லாத நமக்கு என்ன?

இப்ப முதல் கேள்விக்கு வரேன். கஜா கரை ஏறினப்புறம் திண்டுக்கல், கொடைக்கானல் பக்கம் மழையைக் கொட்டிட்டு, கேரளத்தைத் தாண்டி அடுத்த நாள் அரபிக்கடல்ல இறங்குச்சு. மலையில மோதுற ஈரக்காத்து மேல ஏறித்தான் ஆகணும், ஏறினா குளிரும், குளிர்ந்தா கொட்டும். கடலோரத்துக்குப் புயல்னா காத்தும் கடலும். நமக்குப் புயல்னா மழையும் மண்சரிவும். அதனாலதான் வானிலை மையம் எச்சரிக்கையை நாலு கட்டமா கொடுக்குது: 72 மணி நேரத்துக்கு முன்னாடி முதல் கவனிப்பு, 48-ல அலர்ட், 24-ல எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன்னாடி கரை கடந்த பிறகு என்ன ஆகும்ங்கிற நிலவரம். அந்த நாலாவது கட்டம் உள்மாவட்டங்களுக்கும் சேத்துத்தான். வால்பாறை, கொடைக்கானல் ட்ரிப் பிளான் பண்ணும்போது கடலோரச் செய்தின்னு அதை ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிராதீங்க.

கடைசியா நாலு விஷயம், சுருக்கமா.

ஒண்ணு: மஞ்சள்னா கவனிச்சுட்டே இருங்க, ஆரஞ்சுன்னா தயாரா இருங்க, சிவப்புன்னா இப்பவே செய்யுங்க. சிவப்பு வந்தப்புறம் யோசிக்கிறது லேட்.

ரெண்டு: ஆப்ல பாருங்க, தப்பில்லை. ஆனா முடிவை வானிலை மையத்தோட அறிக்கையையும் மாவட்ட நிர்வாகம் சொல்றதையும் வெச்சு எடுங்க. டிஎன் அலர்ட் ஆப் இருக்கு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

மூணு: வீட்டுல தென்னை இருக்கிறவங்க, இந்த வாரமே வேளாண்மை அலுவலகத்துல மரக் காப்பீடு பத்தி விசாரிங்க. புயல் வந்தப்புறம் எடுக்க முடியாது.

நாலு: கடலோரத்துல இருக்கிற ஃப்ரெண்ட் "என்னடா ஆகும்?"னு கேட்டா, "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லாதீங்க. "கேம்ப்புக்குப் போகச் சொல்லு, மாட்டை முன்னாடியே மேட்டுப்பக்கம் மாத்திரச் சொல்லு"ன்னு சொல்லுங்க. புயல் புஸ்ஸுன்னு போனா ஒரு ராத்திரி தூக்கம்தான் போகும்.

ரூம்மேட் இப்ப பெங்களூர்ல இருக்கான். இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அவனைக் கூப்பிட்டு, "உங்க கதையைச் சொல்லலாமா?"ன்னு கேட்டேன். "சொல்லு. ஊர் பேரு சொல்லு, எங்க பேரு வேணாம்"னான். அவங்க அப்பா திரும்ப நட்டது முன்ன இருந்ததுல பாதிதான். மீதி நிலத்துல இப்ப உளுந்து போடுறாராம். போன மாசம் முதல் இளநீர் வெட்டினாங்களாம். போட்டோ அனுப்பியிருந்தான்.

இந்த வாரம் அவ்வளவுதான் மக்களே. உங்க ஊர்ல புயல் அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேத்துக்கலாம். பத்திரமா இருங்க.